பூட்டுக்குப் பொம்மை என்று பெயர்

பொம்மைகளுக்கு உயிரூட்டும் விளையாட்டு என்றார்கள். 2011 அக்டோபரில் ஆக்டிவிஷன் நிறுவனம் ‘ஸ்கைலாண்டர்ஸ்: ஸ்பைரோஸ் அட்வெஞ்சர்’ என்ற வீடியோ கேமை அமெரிக்காவில் வெளியிட்டபோது பரவிய பேச்சு அது. பிளாஸ்டிக் பொம்மையொன்றை ஒளிரும் பீடத்தின்மீது வைத்தால் அதே உருவம் திரையில் எழுந்து நடக்கும். கூடு விட்டுக் கூடு பாயும் வித்தைதான்! இதைக் கதைசொல்லலின் புதுவடிவம் என்று இன்றும் சிலாகிப்போர் உளர். அவர்களோடு நாம் முற்றாக முரண்படுகிறோம். இலக்கியம் பேசும் இடத்தில் பொம்மைக்கென்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கலாம். கதைக்கும் அதற்குள் நுழைந்தவருக்கும் உள்ள உடன்பாடு பற்றியது இவ்வழக்கு என்பதால்தான் எழுதுகிறோம்.

முதலில் அந்த வித்தையைப் பிரித்துப் பார்ப்போம். பொம்மையின் அடியில் ஒரு சிறு சில்லு. பீடம் ரேடியோ அலைகொண்டு அதைப் படிக்கிறது. சில்லில் இருப்பவை அடையாள எண்ணும் சில குறிப்புகளுமே. பாத்திரத்தின் உருவம், குரல், நடை, சண்டை முறை அனைத்தும் குழந்தை ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய குறுவட்டில் உறங்குகின்றன. 2012இல் வந்த ‘ஜயன்ட்ஸ்’ பாகத்தின் இராட்சதப் பொம்மைகளை முதற்பாகத்தில் வைத்துப் பாருங்கள், எழாது. அந்த வட்டில் அவை இல்லை. உயிர் எங்கிருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. ஒருமுறை விற்ற சரக்கையே பூட்டி, சாவியைப் பொம்மை வடிவில் மறுபடி விற்றார்கள்.

நிற்க. வியாபாரம் வியாபாரமாகவே நடக்கட்டும். நமக்கு வலிப்பது கதைக்குள் நடந்தது. முதற்பெட்டியில் பொம்மைகள் மூன்று. மொத்தப் பாத்திரங்களோ 32. கதையின் வழிநெடுக நீர், நெருப்பு, காற்று, மந்திரம் என எட்டு வகை வாயில்கள்; அந்தந்த வகைப் பொம்மை இருந்தால்தான் திறக்கும். மூன்று வகை திறக்கும், ஐந்து வகை திறவாது. அப்புறம் அந்த ‘ஆன்ம மணி’கள்! தேடித் திரிந்து ஒரு மணியைக் கண்டெடுத்தால், தன்னிடம் இல்லாத பாத்திரம் ஒன்றின் சாகசக் காட்சி ஓடுகிறது. உழைத்துப் பெற்ற பரிசு ஒரு விளம்பரம். அரக்கனோ புதிரோ கதாநாயகனைத் தடுக்கலாம். அது கதை தரும் தடை. இங்கே ஏழெட்டு வயதுக் குழந்தையைத் தடுப்பது அதன் தந்தையின் பணப்பை.

பக்கவழிகளைத் திறக்காமலே கதையை முடிக்கலாமே என்பது எதிர்வாதம். முடிக்கலாம். ஆனால் பிரதான சாலையில் மட்டும் நடந்து வீடு திரும்பும் குழந்தையை நாம் கண்டதில்லை.

பெரியவர்களையும் விட்டார்களில்லை. நிண்டெண்டோ 2014இல் தொடங்கிய அமீபோ பொம்மைகள் பெரும்பாலும் சில்லறைச் சலுகைகளோடு நின்றன. ஆயினும் 2017இன் ‘மெட்ராய்ட்: சாமஸ் ரிட்டர்ன்ஸ்’ ஆட்டத்தில் மிகக் கடினமான ஆட்டநிலையே ஒரு பொம்மைக்குப் பின்னால் பூட்டப்பட்டது.

2015இல் வந்த ‘லெகோ டைமென்ஷன்ஸ்’ இன்னும் வெளிப்படையானது. சில்லு இருப்பது வட்டமான அடித்தட்டில். மேலே நிற்கும் பேட்மேனைப் பிடுங்கிவிட்டு வெறும் தட்டை வைத்தாலும் திரையில் பேட்மேன் வருவார். ஆட்டத்துக்குப் பொம்மை தேவைப்படவே இல்லை. பிடுங்கிய பேட்மேனோ தரையில் மற்ற லெகோ கட்டைகளோடு சேர்ந்து உண்மையான விளையாட்டுக்குப் போய்விடுவார்.

அலை ஓய்ந்தது. ‘டிஸ்னி இன்ஃபினிட்டி’ 2016இல் கைவிடப்பட்டது, லெகோ மறு ஆண்டில். ஸ்கைலாண்டர்ஸ் வரிசையின் பெரிய ஆட்டங்கள் 2016இன் ‘இமேஜினேட்டர்ஸ்’ஸோடு நின்றன.

இத்தனைக்கும் நடுவே ஒன்றை மறுக்க மாட்டோம். ஸ்கைலாண்டர்ஸ் பொம்மைக்குக் குழந்தை ஒரு செல்லப்பெயர் இடலாம். அது சில்லிலேயே எழுதப்படும். பொம்மையைத் தோழன் வீட்டுக்குக் கொண்டுபோனால் பெயரும் ஈட்டிய வலிமையும் கூடவே போகும். இன்று பழைய பொருள் கடையில் அதை வாங்கிப் பீடத்தில் வைப்பவருக்கு, முகமறியாக் குழந்தையொன்று என்றோ இட்ட பெயர் திரையில் தெரிகிறது.