தீப்பெட்டியை வைத்து மலையைக் கேட்காதீர்கள்

சிவகாசித் தீப்பெட்டி ஒன்றைக் கையில் எடுங்கள். குச்சியின் தலையில் பாஸ்பரஸ் கிடையாது. அங்கே இருப்பது பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும். சிவப்பு பாஸ்பரஸ் இருப்பது நாம் உரசுகிற பக்கத்து மருந்தில். அதற்கு மூலப்பொருள் பாஸ்பேட் பாறை. உலகில் வெட்டப்படுவதில் பெரும்பகுதி பழைய கடலடி வண்டல்.

இதைச் சொன்னதும் ஒரு குரல் கிளம்பும்: "நம்ம மண்ணுலயே புதையல் கெடக்கு, தோண்டத்தான் விடமாட்டேங்குறாங்க."

கிடப்பது உண்மைதான். திருச்சி, பெரம்பலூர்ப் பக்கம் ஊட்டத்தூர், காரை களிமண் படுகைகளில் பாஸ்பேட் உருண்டைகள் இருக்கின்றன. 1890களில் வார்த் என்ற புவியியலாளர், 200 அடி ஆழம் வரை 80 லட்சம் டன் இருக்கும் என்று கணக்குப் போட்டார். அந்த எண்ணை இன்றும் தூக்கிக்கொண்டு திரிகிறோம். அது சுரங்கக் கணக்கு இல்லை, வெறும் கூட்டல் கணக்கு.

மொராக்கோவில் பாஸ்பேட் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. ஆழ்கடலின் சத்துநீர் மேலேறி, நுண்ணுயிர்கள் பெருகி, செத்து அடியில் சேர்ந்தன. மண் வரத்து குறைவான இடத்தில் அலைகள் சேற்றை அலசித் தள்ள, பாஸ்பேட் மட்டும் செறிந்தது. காரையில் அந்தச் செறிவு இல்லை. களிமண்ணுக்குள் உருண்டைகள் சிதறிக் கிடக்கின்றன. ஒரு கூடை உருண்டைக்கு எத்தனை வண்டி களிமண்ணைப் புரட்டுவது? அந்தக் களிமண்ணில்தான் சுமார் 10 கோடி ஆண்டுப் பழைய அம்மோனைட்டுகள் இருக்கின்றன. ஒருமுறை புரட்டினால் அவ்வளவுதான்.

சரி, சிவகாசிக்காகவா தோண்டச் சொல்கிறீர்கள்? பாஸ்பேட் பாறையில் மிகப்பெரும் பங்கு உரத்துக்குப் போகிறது. தீப்பெட்டிக்கும் பொட்டு வெடிக்கும் போவது துளி. தொழிலாளியின் வயிற்றைக் காட்டி மலையைக் கேட்பது பித்தலாட்டம்.

உரத்துக்குத்தான் என்றால் நேராகப் பேசுவோம். ராஜஸ்தானில் ஜாமர்கோட்ரா இருந்தும் இந்தியா பாஸ்பேட்டுக்கு வெளிநாட்டையே நம்பியிருக்கிறது. கவலைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் இறக்குமதியானதை என்ன செய்கிறோம்? விருதுநகர்க் கரிசலில் போடும் டிஏபியில் பெரும்பங்கு மண்ணின் சுண்ணாம்போடு சேர்ந்து பயிருக்கு எட்டாமல் பூட்டிக்கொள்கிறது. அடுத்த வருசம் மண் பரிசோதனை இல்லாமல் இன்னொரு மூட்டை. நாம் தின்றது சாக்கடை வழியாகக் கண்மாய்க்குப் போய் ஆகாயத்தாமரையை வளர்க்கிறது.

பூட்டிக் கிடப்பதில் ஒரு பங்கையாவது கரைத்துத் தர பாஸ்போபாக்டீரியா இருக்கிறது. கழிவுநீரிலிருந்து பாஸ்பரஸை மீட்கும் வழியும் உலகில் நடைமுறையில் இருக்கிறது. இதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, பிறகு காரைக்குக் கடப்பாரையோடு வாருங்கள். அதுவரை தீப்பெட்டியைக் கீழே வையுங்கள்.