கால்வாய் வெட்டினவன் ஆக்கிரமிப்பாளனா?

ஆகஸ்ட் 22 வந்தால் போதும், சென்னைக்குப் பிறந்தநாள் கொண்டாடக் கிளம்பிவிடுகிறார்கள். 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் கடற்கரை மணலில் இடம் வாங்கிய நாளாம். கோட்டை, கோயில், சபா, பழைய காப்பி ஓட்டல் என்று ஊரைச் சுற்றிக் காட்டுகிறார்கள். சேரிப் பக்கம் மட்டும் யாரும் திரும்புவதில்லை.

வெள்ளையர் நகரம், கறுப்பர் நகரம் என்று வெள்ளைக்காரன் பிரித்தான் என்கிறீர்கள். சரி. அந்தக் கம்பெனி ஆவணங்களிலேயே 'பெரிய பறச்சேரி' என்றும் ஓர் இடம் இருக்கிறதே, அது எப்படி வந்தது? அதையும் அவன் கப்பலில் ஏற்றிக்கொண்டா வந்தான்?

1893-இல் ரெட்டமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கியது இந்தப் பட்டணத்தில்தான். 1907-இல் அயோத்திதாசர் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். 1921 மில் வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. இதெல்லாம் உங்கள் பிறந்தநாள் கணக்கில் ஏன் வரவில்லை?

பக்கிங்காம் கால்வாயை எடுத்துக்கொள்வோம். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் துண்டு 1877-78 தாது வருசப் பஞ்சத்தில் வெட்டப்பட்டது. கஞ்சிக்கு வழியில்லாத சனங்கள் நிவாரணக் கூலிக்கு மண் சுமந்து வெட்டிய கால்வாய் அது. அப்படிப்பட்ட சனங்களின் பேரப்பிள்ளைகள் அதன் கரையில் குடிசை போட்டால் ஆக்கிரமிப்பாம். அதே கால்வாய்க்குள் தூண் நட்டு 1990-களில் பறக்கும் ரயில் விட்டார்களே, அது மட்டும் வளர்ச்சியா?

கரையில் இருந்த எல்லாரும் தலித்துகள் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கரைக்கு ஒதுங்கியவர்களில் நாம் ஏன் இத்தனை பேர்? கிராமத்தில் ஊரையும் சேரியையும் வாய்க்கால் பிரித்தது. இங்கே சாக்கடை பிரிக்கிறது. அவ்வளவுதான்.

எங்க அம்மா அந்தக் கரையிலிருந்து மயிலாப்பூரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். 2015 வெள்ளத்தைக் காரணம் காட்டி, 2017-இல் எங்களை லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்தில் இறக்கினார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில்! போகவர இரண்டு பஸ் மாறணும். நாலு வீட்டில் இரண்டு வீட்டு வேலை போச்சு. தம்பியின் படிப்பு பத்தாவதோடு நின்றது. 2023 டிசம்பர் புயலில் கீழே தண்ணீர் சூழ்ந்தது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு அம்மா சொன்னாள்: "தண்ணி வரும், காலி பண்ணுன்னானுங்க. இப்ப தண்ணிக்குள்ளயே கொண்டாந்து குந்த வெச்சிட்டானுங்க."

இதைவிடச் சுருக்கமாக இந்த நகரத்தின் பூகோளத்தை யாராலும் சொல்லிவிட முடியாது.

நகரம் எங்கள் பின்னாலேயே வருகிறது. பக்கத்துப் பழைய மகாபலிபுரம் சாலையில் கம்பெனிக் கட்டடங்கள் எழும்பிவிட்டன. நாளைக்கு எங்கள் காலடி மண்ணும் விலை ஏறும். அப்போது இன்னொரு லாரி வரும்.

மாணவத் தோழர்களே, பிறந்தநாள் ஊர்வலத்துக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேளுங்கள்: நகரத்தைச் சுமந்தவனுக்கு நகரத்துக்குள் இடம் எங்கே?