மூச்சை ஒரு இலக்கத்தால் மட்டும் அளக்கலாமா?



கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் முட்டு வருத்தக்காரர் யாரும் இருந்தால் கடைசி வரை வாசியுங்கள்.

போன கிழமை தொழுகை முடிந்து வெளியே நிற்கும்போது ஒரு பேச்சு. "சுவாசக் குழாய்க்குள்ள சூடு குடுக்கிற வைத்தியம் ஒண்டு இருக்காம், ஆஸ்துமா முடிஞ்சிடுமாம்" என்றார் ஒருவர். "அத செஞ்சும் ஊதிப் பாக்கிற டெஸ்ட்ல ஒண்டும் கூடல்லயாம், காசு புடுங்கிற வேல" என்றார் மற்றவர். என் அபிப்பிராயம், இருவருமே அவசரப்படுகிறார்கள்.

அந்தச் சிகிச்சையின் பெயர் பிராங்கியல் தெர்மோபிளாஸ்டி. மருந்தெடுத்தும் கட்டுப்படாத கடுமையான ஆஸ்துமா உள்ள, 18 வயது தாண்டியவர்களுக்காக அது உருவாக்கப்பட்டது. மெல்லிய குழாயை உள்ளே இறக்கி, சுவாசக் குழாய்ச் சுவரைச் சுமார் 65 பாகை செல்சியஸில் சூடாக்கினார்கள். இறுகிப் பிடிக்கும் தசை அதனால் குறைந்தது. மூன்று தடவையாகச் செய்யப்பட்டது.

2010இல் வெளியான ஆய்வில் 288 பேர் பங்கேற்றனர். ஒரு பகுதியினருக்குக் குழாய் மட்டும் இறங்கியது, சூடு கொடுக்கப்படவில்லை. யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. முடிவு என்ன? ஒரு விநாடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவில் இரு பகுதியினருக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் சிகிச்சைக் காலம் முடிந்த பின், சூடு பெற்றவர்களுக்குக் கடும் தாக்குதல்கள் 32 வீதமும், அவசரப் பிரிவுக்கு ஓடுவது 84 வீதமும் குறைவாக இருந்தன. சிகிச்சை நடந்த வாரங்களில் மட்டும் அவர்களுக்கே இழுப்பு கூடியது, சிலர் வார்ட்டிலும் தங்கினார்கள். அதையும் மறைக்கக் கூடாது.

இது முரண்பாடா? ஆசிரியனாக எனக்கு அப்படித் தோன்றவில்லை. தவணைப் பரீட்சைப் புள்ளி மாறாத பிள்ளையின் வரவு இடாப்பைப் பாருங்கள். முன்பு மாதம் ஆறு நாள் வராதவன், இப்போது ஒழுங்காக வருகிறான் என்றால் அது முன்னேற்றம் இல்லையா? ஊதும் பரிசோதனை அமைதியான ஒரு நாளின் புள்ளி. இரவு இரண்டு மணிக்கு முச்சக்கரவண்டி தேடி ஓடுவது இடாப்பில்தான் தெரியும்.

அதற்காக "எனக்குச் சுகமாத்தான் இருக்கு" என்ற உணர்வை மட்டும் நம்பவும் முடியாது. அதே ஆய்வில் சூடே பெறாதவர்களிலும் 64 வீதமானோருக்கு வாழ்க்கைத் தரம் கூடியதாகப் பதிவானது. சூடு பெற்றவர்களில் அது 79 வீதம். மனசும் நம்மை ஏமாற்றும்.

ஆகவே இலக்கமும் வேண்டும், இடாப்பும் வேண்டும். கிளினிக்கில் ஊதிப் பார்த்த அளவைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். பக்கத்திலேயே எத்தனை இரவு முட்டு வந்தது, எத்தனை நாள் பாடசாலையோ வேலையோ தவறியது என்றும் எழுதுங்கள். அடுத்த தடவை அந்தக் கொப்பியை டொக்டரிடம் காட்டுங்கள். அளவு நன்றாக இருக்கிறதென்று தடுப்புப் பம்பை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரு வீடியோவைப் பார்த்துக் காணியை விற்கவும் ஓடாதீர்கள்.

அல்லாஹ் எல்லோருக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக.