எரரை அழிப்பது பழுதுபார்ப்பு ஆகாது

சேலத்திலிருந்து தருமபுரிக்கு லோடு ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாயில் ஏறும்போது, டேஷ்போர்டில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிகிறது. இழுவை குறைகிறது. மேடு தாண்டிச் சமதரைக்கு வந்ததும் வண்டி பழையபடி ஓடுகிறது. இரண்டு நாளில் விளக்கும் தானாக அணைந்துவிடுகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால், “இப்ப எரியலையேண்ணே” என்று திருப்பி அனுப்புகிறார்கள். அடுத்த வாரம் அதே மேடு, அதே விளக்கு. பழைய பிக்கப் வண்டியோ மினி லாரியோ வைத்துப் பிழைப்பவர்களுக்கு இது பழகிப்போன கதை.

விளக்கு எரியும் நேரத்திலேயே வண்டி பட்டறைக்கு வந்துவிட்டால் நடப்பது இன்னும் மோசம். ஸ்கேனரைச் செருகுகிறார்கள், எரரை அழிக்கிறார்கள், சாவியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஐந்து நிமிட வேலை. பழுதைக் கண்டுபிடிக்கக் கிடைத்த ஒரே சாட்சியும் அந்த ஐந்து நிமிடத்தில் போய்விடுகிறது.

எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.எம். வெறும் விளக்கை மட்டும் எரியவிடுவதில்லை. பழுது தெரிந்த கணத்தில் எஞ்சின் எத்தனை ஆர்.பி.எம்.மில் சுற்றியது, கூலன்ட் எவ்வளவு சூடாக இருந்தது, வண்டி என்ன வேகத்தில் போனது, எவ்வளவு லோடு இழுத்தது என்பதையெல்லாம் அப்படியே பதிந்து வைக்கிறது. பட்டறைகளில் இதை ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்பார்கள். வந்து வந்து போகும் பழுதுக்கு இதைவிட நல்ல தடயம் கிடையாது. எரரை அழிக்கும் பொத்தானை அழுத்தினால் இதுவும் சேர்ந்தே அழியும்.

விளக்கு எரிவதற்கும் அணைவதற்கும் கணக்கு உண்டு. பல பழுதுகளுக்கு, அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் அதே குறை தெரிந்தால்தான் விளக்கு எரியும். பிறகு தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் குறை தெரியாவிட்டால் அணைந்துவிடும். ஆனால் பதிவு அங்கேயேதான் இருக்கும். குறை திரும்ப வராமல் எஞ்சின் சுமார் 40 முறை குளிர்ந்து சூடேறிய பிறகே அது தானாக நீங்கும். ஆகவே, “லைட் எரியாமல் ஒன்றும் பார்க்க முடியாது” என்று வண்டியைத் திருப்பி அனுப்புவது சரியல்ல. அணைந்த விளக்குக்குப் பின்னாலும் படிக்க வேண்டியது இருக்கிறது.

எரர் எண்ணைப் படித்த பிறகு செய்யும் தவறு ஒன்று உண்டு. அந்த எண்ணையே தீர்ப்பாக எடுத்துக்கொள்வது. தொப்பூர் மேட்டில் வரும் தொல்லைக்குப் பெரும்பாலும் பொருந்தும் எண் பி0299. டர்போ கொடுக்க வேண்டிய காற்றழுத்தம் எஞ்சினுக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் அதன் பொருள். டர்போ கெட்டுவிட்டது என்று அந்த எண் எங்கும் சொல்லவில்லை. இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில் மயிரிழை அளவுக்கு ஒரு கீறல் இருந்தாலும் இதே எண்தான் வரும். வெறும் வண்டியாக ஓடும்போது அந்தக் கீறல் மூடிக்கிடக்கும். லோடோடு மேடேறி அழுத்தம் கூடும்போது வாய் பிளக்கும். நின்ற வண்டியில் எவ்வளவு பார்த்தாலும் அகப்படாது. ஹோஸைக் கழற்றி, வளைத்து, எண்ணெய்க் கசிவு படிந்த இடத்தைத் தேடினால் அகப்படும். கிளாம்ப் தளர்ந்திருக்கலாம், டர்போவைக் கட்டுப்படுத்தும் மெல்லிய வேக்குவம் குழாய் வெடித்திருக்கலாம். இவை ஒன்றையும் பார்க்காமல் டர்போவை மாற்றச் சொல்வது வண்டிக்காரரின் பல மாத வருமானத்தை வீணாக்கும் வேலை.

பி0087 என்ற எண்ணும் அப்படித்தான். காமன் ரெயிலில் டீசல் அழுத்தம் குறைந்தது என்கிறது. உடனே ஹை பிரஷர் பம்பின் மேல் சந்தேகம் போகிறது. அடைத்துக்கொண்ட டீசல் ஃபில்டரும், காற்று இழுக்கும் டீசல் குழாயும் அதே அறிகுறியைக் காட்டும். முதலில் பார்க்க வேண்டியவை இவைதான்.

வயதான வண்டியில் விட்டுவிட்டு வரும் பழுது என்றால் ஒயரிங்கின் மேல்தான் முதல் சந்தேகம் விழ வேண்டும். அதிர்விலும் சூட்டிலும் ஒயரின் தோல் உரிகிறது, எலி கடிக்கிறது, மழைத் தண்ணீர் இறங்கி கப்ளருக்குள் பச்சை பூக்கிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று நான்கு எரர்கள் ஒரே நேரத்தில் வந்தால், மூன்று நான்கு சென்சார்களும் ஒரே நாளில் கெட்டுவிட்டன என்று நம்ப வேண்டியதில்லை. பல சென்சார்களுக்கு ஒரே 5 வோல்ட் லைன்தான் போகிறது. அது எங்காவது பாடியில் உரசினால் அத்தனையும் சேர்ந்து பொய் சொல்லும். எர்த் பிடிமானம் சரியில்லாவிட்டாலும் இதே குழப்பம்தான். எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை எஞ்சின் பிளாக்கிலும் வைத்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. பிறகு எஞ்சின் ஓடும்போதே ஒயர் கட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக்கொண்டே ஸ்கேனரில் எண்கள் எங்கே குதிக்கின்றன என்று பார்க்க வேண்டும். பொறுமை வேண்டும் வேலை; இரண்டு மணி நேரம் ஆகலாம்.

அந்த இரண்டு மணி நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது? சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. பொருளை மாற்றினால் காசு கொடுக்கிறோம். பழுதைத் தேடியதற்குக் கொடுக்க மனம் வருவதில்லை. “ஒரு ஒயரை ஒட்டினதுக்கா இவ்வளவு?” என்று கேட்கிறோம். அந்த ஒயரைக் கண்டுபிடித்ததுதான் வேலை என்பதை மறந்துவிடுகிறோம். தேடும் உழைப்புக்குக் கூலி இல்லையென்றால் பட்டறை பொருளை விற்றுத்தான் பிழைத்தாக வேண்டும். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனின் தேடுதலுக்குத் தனிக் கூலி பேசிக் கொடுப்பது, தேவையில்லாத ஒரு சென்சார் வாங்குவதைவிட மலிவு.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. விற்பதற்கு முன் எரரை அழித்து விளக்கை அணைத்துவிட்டுக் காட்டுவது எளிது. ஆனால் எரர் அழிக்கப்பட்ட பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற கணக்கைப் பல வண்டிகளின் கணினி வைத்திருக்கும். சாதாரண ஸ்கேனரிலேயே அதைப் பார்க்கலாம். அந்த எண் இருபது, முப்பது என்று நின்றால், நேற்றோ இன்றோதான் யாரோ அழித்திருக்கிறார்கள்.

ஓட்டுநர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. விளக்கு எரிந்ததும் இடம், நேரம், லோடு, மேடா சமதரையா, மழையா வெயிலா, டீசல் எவ்வளவு இருந்தது என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பெட்ரோல், சி.என்.ஜி. வண்டியில் அந்த விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வேகத்தைக் குறைத்துச் சீக்கிரம் ஓரங்கட்டுங்கள். எரியாத எரிபொருள் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுவிடும். பட்டறையில் ஸ்கேனர் செருகியதும், எதையும் அழிப்பதற்கு முன் எரர் எண்ணையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் உங்கள் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.