சிறுவரும் இணையமும்: பொறுப்பு யாருடையது?

சிறுவரின் இணையப் பாதுகாப்புப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஓர் அறிவுரையோடு நின்றுவிடுகின்றனர். “பிள்ளையின் கையில் தொலைபேசியைக் கொடாதீர்கள்” என்பதே அவ்வறிவுரை. ஏழெட்டு வயதுப் பிள்ளையின் பாதுகாப்பை அதன் ஒழுக்கத்தோடும் தாயின் கண்காணிப்போடும் மட்டும் தொடர்புபடுத்தும் இந்நோக்கு மேலோட்டமானது மட்டுமன்று, ஆபத்தானதுமாகும். பொறுப்புடையோரைத் தப்பவிட்டு, பொறுப்பேற்க இயலாத ஒருவரின் தோளிற் சுமையை ஏற்றுவதே இதன் விளைவு.

இலங்கையில் இப்பிரச்சினை வளர்ந்த சூழலை முதலில் நோக்குதல் தகும். 2020 மார்ச்சில் கொவிட் தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஆரம்ப வகுப்புக் கல்வி பெருமளவிற்கு வாட்ஸ்அப் குழுக்களிலும் சூம் வகுப்புகளிலும் தங்கி நின்றது. பதின்மூன்று வயதிற்குக் குறைந்தோர் பயன்படுத்தலாகாது என வாட்ஸ்அப் நிறுவனமே விதித்திருக்க, பெற்றோரின் தொலைபேசி வழியே முதலாந் தரப் பிள்ளையும் அதனுள் அழைத்துவரப்பட்டது. புலமைப்பரிசிற் பரீட்சைக்கான பிரத்தியேக வகுப்புகளும் அவ்வழியே வந்தன. தொலைபேசியைப் பிள்ளையின் கையிற் கொடுத்தது கல்வி அமைப்பே. கொடுத்தபின் பிள்ளையைக் கடிந்துகொள்வது எவ்வகையில் நியாயமாகும்?

பதின்மூன்று வயது என்னும் எல்லைதான் யாது? சிறுவரின் தரவுகளைச் சேகரிப்பதைக் கட்டுப்படுத்த ஐக்கிய அமெரிக்கா 1998இல் இயற்றிய சட்டத்திலிருந்தே அது பரவியது. ஆயினும், பிறந்த ஆண்டை மாற்றி எழுதியதும் கதவு திறந்துவிடுகின்ற இடங்கள் பல. பொய்யுரைத்த குற்றம் பிள்ளைக்கு, இலாபம் நிறுவனத்திற்கு. சிறுவரின் தரவுகளைப் பெற்றோரின் இணக்கமின்றிச் சேகரித்தமை தொடர்பான வழக்கில், கூகிளும் யூடியூபும் 2019இல் 17 கோடி டொலர் செலுத்த உடன்பட்டன. ஒரு காணொளி முடியுமுன்னரே அடுத்ததைத் தயாராக வைத்திருக்கும் அமைப்பில், பிள்ளையின் கவனமே விற்பனைப் பண்டமாகின்றது.

அவ்வாறாயின் வீட்டில் காவலே வேண்டாமா என வினவலாம். வேண்டும். தொலைபேசி பலரும் புழங்கும் அறையில் இருத்தல் வேண்டும். பெயர், பாடசாலை, நிழற்படம் ஆகியவற்றை அறியாதாருக்குக் கொடுத்தலாகாதெனப் பிள்ளை அறிந்திருத்தல் வேண்டும். ஆனால் அதட்டல் காவலாகாது. விளையாட்டுச் செயலியொன்றில் நண்பனாக நடித்து ஒரு படத்தைப் பெற்றுக்கொள்ளும் கயவன், அடுத்துக் கையாளும் ஆயுதம் யாது? “அம்மாவிடம் சொன்னால் உனக்குத்தான் அடி விழும்” என்பதே. அது உண்மையென்பதைப் பிள்ளை அறியும்; ஆகவே வாய் மூடுகின்றது. கயவனின் கைக்குத் தடியை எடுத்துக் கொடுப்பது அடிக்கின்ற வீடேயாகும்.

எனவே, ஆரம்ப வகுப்பிற் கற்பிக்க வேண்டிய முதற்பாடம் தடைகளின் பட்டியலன்று. “நடந்ததைச் சொன்னால் தண்டனை இல்லை” என்னும் உறுதிமொழியே. அதனை ஆசிரியரும் பெற்றோரும் தம் நடத்தையாற் காப்பாற்ற வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கம் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் பிள்ளை வாசிக்கத்தக்க எழுத்தில் இருத்தல் வேண்டும்.

வீதியை மஞ்சட் கடவையிற் கடக்கப் பிள்ளைக்குக் கற்பிக்கின்றோர், சாரதி வாகனத்தை நிறுத்த வேண்டியதில்லை எனக் கூறுவதில்லை. பிரித்தானியாவின் 2020ஆம் ஆண்டு விதிக்கோவை, பிள்ளைகள் பயன்படுத்தக்கூடிய சேவைகளைத் தொடக்கத்திலேயே அவர்களது நலனுக்கேற்ப வடிவமைக்குமாறு நிறுவனங்களைப் பணித்தது. பதினாறு வயதிற்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் அவுஸ்திரேலியச் சட்டம் 2025 டிசம்பர் 10இல் நடைமுறைக்கு வந்தபோது, தண்டத்தைப் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ விதிக்காது நிறுவனங்களுக்கே விதித்தது. வயதெல்லை பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். பொறுப்பு எங்கே உள்ளது என்பதில் இருத்தலாகாது. இலங்கையிலோ, 2024இல் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைச் சூழ்ந்த விவாதம் பெரிதும் கருத்துச் சுதந்திரம் பற்றியதாகவே அமைந்தது.

பிள்ளையைத் திருத்துவதற்கு முன்னர் திருத்தப்பட வேண்டியவை பல உள. இலாபத்திற்காகக் கதவைத் திறந்து வைத்திருப்போரும், அக்கதவுவரை பிள்ளையை அழைத்துச் சென்ற கல்வி அமைப்பும், சொல்ல வந்த பிள்ளையை அதட்டி அனுப்பும் வீடும் முதலிற் பதில் கூறட்டும்.