கண்ணுக்கு மருந்தா? அம்மனுக்குக் கண்மலரா?

கதிரறுக்கும் உழவனுக்குக் கண்ணில் நெல்லுமி தெறிக்கிறது. அன்றிரவே கண் சிவந்து, நீர் வடிந்து, உறுத்துகிறது. உடனே வீட்டிலுள்ளோர் செய்வதென்ன? தாய்ப்பால் பீய்ச்சுவதும், விளக்கெண்ணெய் விடுவதும், பச்சிலைச் சாறு பிழிவதும், மாரியம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்துவதாக நேர்ந்துகொள்வதும்தானே? நாள் பல சென்று கருவிழி வெளுத்ததும், “பூ விழுந்துவிட்டது, தலைவிதி” என்று சொல்லி உட்கார்ந்து விடுகிறார்கள்.

தலைவிதி இங்கே எங்கே வந்தது என்று நாம் கேட்கிறோம். உமி கீறிய இடத்தில் கிருமி புகுந்தது, புண்ணாயிற்று, புண் ஆறித் தழும்பாயிற்று. அந்தத் தழும்புக்குத்தான் பூ என்று பெயர்! மதுரை ஜில்லாவில் ஆண்டுதோறும் 10,000 பேரில் சுமார் 11 பேருக்குக் கருவிழிப்புண் வருவதாக 1996-இல் வெளியான ஆராய்ச்சி கணக்கிட்டது. அமெரிக்காவில் மின்னசோட்டா மாகாணத்து ஜில்லா ஒன்றின் கணக்கைப்போல் இது பத்து மடங்கு. மதுரையில் கோயில்களுக்கா பஞ்சம்?

நேபாளத்தில் பக்தபூர் ஜில்லாவைப் பாருங்கள். கண்ணில் கீறல் பட்டவர்களுக்குக் குளோராம்பெனிகால் களிம்பை நாளுக்கு மூன்று வேளையாக மூன்று நாள் போட்டார்கள். 18 மணி நேரத்திற்குள் களிம்பு போடப்பட்டவர்களில் ஒருவருக்கேனும் புண் உண்டாகவில்லை என்று 2001-இல் வெளியிட்டார்கள். இதில் மந்திரம் எது, மகிமை எது?

மருந்தின் பேரால் நடக்கும் மூடத்தனத்தையும் நாம் விடப்போவதில்லை. நோய் இன்னதென்று பாராமல் கடையில் வாங்கிவிடும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து சிவப்பைக் குறைக்கும், நோயாளி மகிழ்வான், உள்ளே காளான் கிருமி செழித்து வளரும். புண்ணுக்குக் காரணம் காளானா, பாக்டீரியாவா என்பது ஜோசியத்தால் தெரியாது. டாக்டர் புண்ணைச் சுரண்டியெடுத்துப் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாக வேண்டும். காளானென்றால் நாட்டமைசின், பாக்டீரியாவென்றால் வேறு மருந்து.

அந்த நாட்டமைசினையும் டாக்டர்கள் வேதவாக்காகக் கொள்ளவில்லை. வோரிகோனசோல் என்னும் புதிய மருந்தோடு அதை ஒப்பிட்டு, மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி முதலான இடங்களில் 323 நோயாளிகளிடம் சோதித்தார்கள். பழைய நாட்டமைசினே மேல் என்று 2013-இல் முடிவு வெளியிட்டார்கள். எந்தப் பூசாரியாவது தன் திருநீற்றை இப்படிச் சோதனைக்கு விட்டதுண்டா?

ஆகையால் தோழர்களே! கண்ணில் உமியோ தாளோ பட்டால் கசக்காதீர்கள். பாலும் சாறும் ஊற்றாதீர்கள். அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். கண்மலர் வாங்கும் காசு பஸ் கூலிக்கு ஆகட்டும். உண்டியலில் விழும் வெள்ளிக் கண் ஒருநாளும் பார்க்கப் போவதில்லை.