‘முட்டாள் கயிறு’ கற்றுத் தந்த பாடம்!



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். வழக்கமாக நான் செருப்பைக் கழற்றுவதற்குள், “மாமா! என்ன வாங்கிட்டு வந்தீங்க?” என்று ஓடி வருவான். அன்று வரவில்லை. ஜன்னல் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தான். கையில் இரண்டு பின்னல் ஊசிகள். மடியில் பச்சை நிற உல்லன் நூல் உருண்டை. பாதி நூல் சிக்கலாகிக் கிடந்தது.

“என்னடா பண்றே?” என்றேன்.

“கயிறு பின்றேன் மாமா. என் வாட்டர் பாட்டில் பைக்குப் போடணும். பக்கத்து வீட்டு அக்கா சொல்லிக் கொடுத்தாங்க. ஆனா எனக்கு வரவே மாட்டேங்குது.”

அந்தக் கயிற்றைப் பற்றி நான் எப்போதோ படித்திருக்கிறேன். படித்ததைச் சொல்லாமல் இருக்க முடியுமா? “அட, இதுவா! இதுக்கு இங்கிலீஷ்ல ‘இடியட் கார்ட்’னு பேரு. அதாவது, முட்டாள் கயிறு. முட்டாள்கூடப் பின்னிடலாமாம். இதுக்கா இவ்வளவு நேரம்?” என்று சொல்லிச் சிரித்தேன்.

அவன் சிரிக்கவில்லை. ஊசிகளை நூல் உருண்டையில் குத்தி வைத்தான். எழுந்து உள்ளே போய்விட்டான்.

“காலையிலேர்ந்து உட்கார்ந்திருக்கான்டா. ஏழு தடவை பிரிச்சிட்டு மறுபடி ஆரம்பிச்சான்” என்றாள் அக்கா. என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் கோபமும் இருந்தது.

எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. சரி, நாமே கொஞ்சம் பின்னிக் கொடுத்து அவனைச் சமாதானம் செய்துவிடலாம் என்று ஊசிகளைக் கையில் எடுத்தேன். மூன்றே மூன்று கண்ணிகள்தானே, இதில் என்ன இருக்கிறது?

இருந்தது! முதல் கண்ணிக்குள் ஊசியை நுழைத்தால் மூன்றாவது நழுவியது. அதைப் பிடித்தால் நூல் விரலில் சுற்றிக்கொண்டது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், பூனை விளையாடிவிட்டுப் போன நூல் போல இருந்தது என் கயிறு.

கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவன், மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். “நூலை அவ்வளவு இறுக்கிப் பிடிக்காதீங்க மாமா. நானும் முதல்ல அப்படித்தான் பண்ணேன்” என்றான்.

கவனித்தீர்களா, குட்டிகளே? அவன் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். நான் அவனைப் பார்த்துச் சிரித்தேனே!

அன்று மாலைக்குள் இரண்டு பேரும் சேர்ந்து கற்றுக்கொண்டோம். உங்களுக்கும் சொல்லித் தருகிறேன். பிறகு அந்தப் பெயரைப் பற்றிப் பேசுவோம்.

கொஞ்சம் தடிமனான உல்லன் நூல், 4 மி.மீ. அளவில் இரண்டு பக்கமும் கூராக உள்ள பின்னல் ஊசிகள் இரண்டு, ஒரு கத்தரிக்கோல் போதும். நூல் வெளிர் நிறமாக இருந்தால் நல்லது. கறுப்பு நூலில் கண்ணிகள் கண்ணுக்குத் தெரியாது.

முதலில், நூலின் நுனியில் ஒரு சாண் விட்டுவிட்டு ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டு ஊசியில் மாட்டுங்கள். இது முதல் கண்ணி. அடுத்து, உருண்டைப் பக்கத்து நூலை இடது கைக் கட்டைவிரலில் ஒரு சுற்று சுற்றுங்கள். அந்த வளையத்துக்குள் ஊசியைக் கீழிருந்து மேலாக விட்டு, விரலை உருவிக்கொள்ளுங்கள். இது இரண்டாவது கண்ணி. அதேபோல மூன்றாவது.

இப்போது கண்ணிகள் உள்ள ஊசியை இடது கையில் பிடியுங்கள். நூல் தொங்கும் கண்ணி ஊசி முனைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நூல் ஊசிக்குப் பின்பக்கம் இருக்கட்டும். வெறும் ஊசி வலது கையில். அதன் முனையை முதல் கண்ணிக்குள் முன்னாலிருந்து பின்னாக நுழையுங்கள். நூலை அந்த முனைக்கு அடியில் கொண்டு வந்து, இரண்டு ஊசிகளுக்கும் நடுவே மேலாகப் போடுங்கள். அந்த நூலோடு சேர்த்து முனையைக் கண்ணி வழியாக முன்பக்கம் இழுங்கள். வலது ஊசியில் ஒரு புதுக் கண்ணி வந்துவிட்டதா? பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவ விடுங்கள். மற்ற இரண்டு கண்ணிகளையும் இப்படியே பின்னுங்கள். ஒரு வரிசை முடிந்தது.

இனிமேல்தான் வித்தை! ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் இந்த இடத்தில் ஊசியைத் திருப்பிப் பிடிப்பார்கள். நாம் திருப்பக் கூடாது. மூன்று கண்ணிகளையும் ஊசியின் மறு முனைக்குத் தள்ளிவிட்டு, ஊசியை அப்படியே இடது கைக்கு மாற்றுங்கள். நூல் இப்போது இடது ஓரத்துக் கண்ணியில் நிற்கும். அதைப் பின்பக்கமாகவே கொண்டு வந்து, வலது ஓரத்தில் உள்ள கண்ணியிலிருந்து மறுபடி பின்னத் தொடங்குங்கள். முதல் கண்ணியைப் பின்னும்போது மட்டும் நூலை நன்றாக இழுத்துவிடுங்கள்.

முதல் நான்கைந்து வரிசைகளுக்கு ஒன்றுமே புரியாது. ஏதோ முடிச்சு மாதிரி இருக்கும். இங்கேதான் நிறையப் பேர் ஊசியைக் கீழே போடுகிறார்கள். போடாதீர்கள்! ஆறு, ஏழு வரிசை முடிந்ததும் கயிற்றின் அடியைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். தட்டையாக இருந்தது உருண்டு, அழகான குழாய் போல நிற்கும். ஒவ்வொரு வரிசையிலும் நூல் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்குப் பின்பக்கமாகத் தாவுகிறது அல்லவா? அதுதான் இரண்டு ஓரங்களையும் இழுத்துச் சேர்த்துவிடுகிறது.

வேண்டிய நீளம் வந்ததும் ஒரு சாண் விட்டு நூலை வெட்டுங்கள். அந்த நுனியை மூன்று கண்ணிகளுக்குள்ளும் விட்டு இழுத்தால் கயிறு முடிந்தது. ஒரு பக்கம் மட்டும் கூராக உள்ள சாதாரண பின்னல் ஊசிதான் வீட்டில் இருக்கிறதா? பரவாயில்லை. ஒவ்வொரு வரிசை முடிந்ததும் மூன்று கண்ணிகளையும் ஒவ்வொன்றாக இடது ஊசிக்கே மாற்றிவிட்டுப் பின்னுங்கள். ஊசி முனை கூர்மையானது. தம்பி, தங்கை கைக்கு எட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கயிறு பைக்குக் கைப்பிடியாகும். புத்தகத்தில் அடையாளத்துக்கு வைக்கலாம். தலைமுடியில் கட்டலாம். சுருட்டித் தைத்தால் டம்ளர் வைக்கும் தட்டாகிவிடும்.

நீங்கள் போட்டிருக்கும் பனியனைக் கொஞ்சம் உற்றுப் பாருங்களேன். ஆங்கில ‘வி’ எழுத்தை வரிசையாக அடுக்கியது போலத் தெரிகிறதா? உங்கள் கயிற்றிலும் அதே ‘வி’ தெரியும். வேட்டியும் சேலையும் நெய்த துணிகள். பாவு நூலும் ஊடு நூலும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். பனியன் துணி அப்படி அல்ல. அது கண்ணிக்குள் கண்ணியாகக் கோத்தது. அதனால்தான் இழுத்தால் நீளுகிறது. திருப்பூரில் வட்டமாக ஊசிகள் அடுக்கிய இயந்திரங்கள் பனியன் துணியைப் பெரிய குழாயாகவே பின்னித் தள்ளுகின்றன. நம் மூன்று கண்ணிக் கயிறு அதன் குட்டித் தம்பி!

சரி, அந்தப் பெயருக்கு வருவோம்.

எலிசபெத் ஸிம்மர்மன் என்று ஒரு பின்னல் கலைஞர் இருந்தார். 1910-ல் இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறியவர். புத்தகங்கள் எழுதியும், தொலைக்காட்சியில் தோன்றியும் ஏராளமானவர்களுக்குப் பின்னல் கற்றுக் கொடுத்தார். 1999-ல் காலமானார். ‘இடியட் கார்ட்’ என்ற பெயரை ‘ஐ-கார்ட்’ என்று சுருக்கிச் சொன்னவர் அவர்தான். ‘இடியட்’ என்ற சொல்லின் முதல் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டார். திட்டு போயிற்று, கயிறு நின்றது! இன்று உலகம் முழுவதும் பின்னுகிறவர்கள் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். (‘ஐ-கார்ட்’ என்றதும் பள்ளி அடையாள அட்டை என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் ‘கார்ட்’ என்றால் ஆங்கிலத்தில் கயிறு.)

1971-ல் வெளிவந்த அவருடைய புத்தகம் ஒன்றின் பெயருக்கு என்ன பொருள் தெரியுமா? ‘கண்ணீர் இல்லாமல் பின்னல்’! பின்னல் கற்கும்போது எத்தனை பேர் கண்ணைக் கசக்கியிருந்தால் அப்படி ஒரு பெயர் வைத்திருப்பார்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். “ஆம்பளப் பையன் ஊசியும் நூலுமா உட்கார்ந்திருக்கானே” என்று அக்கா மகனை அன்று ஒருவர் கேலி செய்தாராம். தென் அமெரிக்காவில் பெரு நாட்டில் டிட்டிகாக்கா என்று ஒரு பெரிய ஏரி. அதில் தாக்கீலே என்று ஒரு தீவு. அங்கே கம்பளித் தொப்பி பின்னுவது ஆண்களின் வேலை. பையன்கள் சின்ன வயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள். அந்தத் தீவின் துணிக் கலையை 2005-ல் யுனெஸ்கோ உலகின் அரிய மரபுகளில் ஒன்றாக அறிவித்தது. ஊசிக்கு ஆண், பெண் தெரியாது. பழகிய கை, பழகாத கை என்பதுதான் தெரியும்.

எந்தக் கையும் பிறக்கும்போதே பழகி வருவதில்லை, குட்டிகளே. அம்மா டி.வி. பார்த்துக்கொண்டே மல்லிகைப் பூவை நாரில் கட்டுவதைப் பார்க்கிறீர்கள். விரல் போவதும் வருவதும் தெரியாது. நீங்கள் வாங்கிக் கட்டிப் பாருங்கள். நாலு பூ வைப்பதற்குள் இரண்டு பூ கீழே விழும். ‘ரொம்ப சுலபம்’ என்பது கற்று முடித்தவர்கள் சொல்லும் வார்த்தை. அவர்களும் ஒரு நாள் தட்டுத் தடுமாறியவர்கள்தான். அது மறந்து போயிருக்கும். அவ்வளவுதான்!

நாமும் மறந்துவிடுகிறோம். தங்கைக்கு ஷூ லேஸ் கட்டத் தெரியவில்லை என்று தலையில் குட்டுகிறோம். செல்போனில் படம் அனுப்பத் தெரியாமல் தடுமாறும் பாட்டியிடம், “இதுகூடத் தெரியாதா?” என்று சிரிக்கிறோம். வகுப்பில் ஒருவன் கணக்கைத் தப்பாகப் போட்டால், “மக்கு” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வருகிறது. அந்த ஒரு வார்த்தை போதும். அவன் மறுநாள் கை தூக்க மாட்டான். நான் சிரித்த சிரிப்பில் அக்கா மகன் ஊசியை விட்டு எழுந்தான் அல்லவா, அது போலத்தான்.

உங்களை யாராவது அப்படிச் சொன்னால்? இந்தக் கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். தப்பாகப் பின்னினால் என்ன ஆகிறது? ஊசியை உருவி நூலை இழுத்தால், எல்லாம் பிரிந்து பழையபடி நூலாகிறது. கொஞ்சம் சுருண்டிருக்கும். ஆனால் ஒரு முழம்கூடக் குறையாது. விரல்கள் கற்றுக்கொண்டது மட்டும் பிரியவே பிரியாது. ஏழு முறை பிரித்தவனுக்கு எட்டாவது முறை வந்துவிட்டதே!

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உங்களுக்குச் சுலபமாக வரும் ஒன்றை, அது வராத ஒருவருக்குச் சொல்லிக் கொடுங்கள். அவர் எத்தனை தடவை தப்புச் செய்தாலும் சிரிக்கக் கூடாது. “நானும் முதல்ல அப்படித்தான்” என்று மட்டும் சொல்லுங்கள்.

அக்கா மகனின் வாட்டர் பாட்டில் பையில் இப்போது பச்சைக் கயிறு தொங்குகிறது. அதன் முதல் இரண்டு அங்குலம் கோணல் மாணலாக, முண்டும் முடிச்சுமாக இருக்கும். அது நான் பின்னியது. “அதைப் பிரிச்சிடேன்டா, அசிங்கமா இருக்கு” என்றேன்.

“இருக்கட்டும் மாமா. அது நீங்க கத்துக்கிட்டது” என்றான்.

என்ன, ஊசியும் நூலும் எடுத்துவிட்டீர்களா? அடுத்த வாரம் சந்திப்போம்!

அன்புடன்,
ஆசிரியர் மாமா